சுத்தியலால் அடித்த லக்

பெண்களுக்கான தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் இருபத்தேழு வருடம் மின்சாரப் பிரிவில் பாடம் எடுத்தவள் நான். பிள்ளைகள் ஒயரைச் சீவி ஜாயின்ட் போட்டு முடித்ததும் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பேன். கழன்று வந்தால் மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். "கண்ணுக்கு நல்லா இருந்தாப் போதாது கண்ணு, கைக்குத் தெரியோணும்" என்பேன். எனக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் "இழுக்கிற டீச்சர்." அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெற்ற வருடத்தில்தான் என் கணவருடைய இருமல் என்னவென்று தெரிந்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக நார் பிடித்து இறுகிக்கொண்டே வரும் நோய். முன்னால்தான் போகும், பின்னால் வராது என்றார் டாக்டர். முதலில் தூங்கும்போது மட்டும் ஆக்சிஜன் வைத்துக்கொண்டார். பிறகு நடக்கும்போது. ஒரு வருடத்துக்குள் நாள் முழுக்க என்றாகிவிட்டது. காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. அதன் குழாய் ஏழு மீட்டர். வாசற்படி வரை எட்டும். வாசலில் இருக்கும் வேப்பமரத்துக்கு எட்டாது.

அவர் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். ஊர்க்காரர்கள் மாட்டு டாக்டர் என்றே சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வருடம் கொல்லிமலையில், தேவனூர் நாட்டுப் பக்கம் இருந்தார். அப்போது அந்தக் கிராமங்களுக்கு ரோடு கிடையாது. தடுப்பூசி டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நடந்தே போக வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்து நினைவு தப்பிவிட்டது. அவர் தங்கியிருந்த வீட்டு விவசாயியும் அந்த விவசாயியின் தம்பியும் கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, பஸ் வரும் இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடையில் இரண்டு ஓடைகளில் இடுப்பளவு தண்ணீர். என் கணவருக்கு அதில் எதுவுமே ஞாபகமில்லை. யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது என்பார்.

அந்த விவசாயியை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன், எங்கள் கல்யாணத்தில். மலைவாழைத் தார் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு மண்டபத்துக்குள் வந்தார். சாப்பிட்டார். போட்டோவுக்கு நிற்கச் சொன்னபோது வெட்கப்பட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார். "ஒருக்கா மலைக்குக் கூட்டியாங்க டாக்டரே" என்று சொல்லிவிட்டுப் போனார். வாரோம் வாரோம் என்று சொல்லியே முப்பத்தைந்து வருடம் போய்விட்டது. வேறு வேறு ஊர்களுக்கு மாற்றல், வீடு கட்டியது, பிள்ளைகள் படிப்பு. சொல்வதற்கு ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது.

குழாய் மாட்டிய பிறகுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். "அம்மணி, அந்த அண்ணனைப் பாக்கோணும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கினேன். சீட்டுகளை எடுத்துவிட்டு ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, பின்னால் மறைப்போடு ஒரு கழிப்பறை வைத்தோம். தச்சு வேலைக்கு ஆள் வைத்தேன். ஒயரிங் வேலைக்கு வைக்கவில்லை. கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய பேட்டரி, அதற்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர். மூன்று மாதம் நானே படுத்தும் குனிந்தும் இழுத்த ஒயர்கள். அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். வேனில் மிஷின் முதல் தடவை ஓடி, அதன் பச்சை விளக்கு எரிந்தபோது கைதட்டினார். கைதட்டியதற்கே மூச்சு வாங்கியது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வாரத்தில் கிளம்பினோம். டாக்டருக்கு முழு மனசில்லை. மலை உயரத்தில் காற்று இன்னும் கொஞ்சம் மெலிதாக இருக்கும், ஒரு சிலிண்டரும் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேனை நான்தான் ஓட்டினேன். காரவள்ளியில் நிறுத்தி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, எழுபது வளைவு ஏற ஆரம்பித்தோம். அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் பலகையில் இருக்கும் எண்ணைப் படித்துக்கொண்டே வந்தார்.

நாற்பத்தி இரண்டு என்று அவர் சொன்னதும் பின்னாலிருந்து இன்வெர்ட்டர் கத்தியது. அடுத்த நொடி மிஷின் நின்றது. மிஷினும் தன் பங்குக்குக் கத்த ஆரம்பித்தது.

வளைவை ஒட்டி வண்டியை ஓரம் கட்டி, டயருக்குக் கல் வைத்து, பின்னால் ஓடினேன். சிலிண்டரைத் திறக்கிற சாவி பிடி கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் திருகினேன். நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் வாயைத் திறந்துகொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்திருந்தார். நகங்கள் நீலமாகிவிட்டிருந்தன. உதட்டைச் சுற்றி சாம்பல் நிறம். சாவி திரும்பியது. குழாயை மாற்றி மூக்கில் வைத்தேன். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் இருக்கும். அதற்கு மேல் இருக்காது.

மூச்சு சமநிலைக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பயப்படாத அம்மணி."

பிறகு இன்வெர்ட்டரைப் பார்த்தேன். பேட்டரி கம்மி என்று காட்டியிருந்தது. ஆனால் பேட்டரியில் மீட்டரை வைத்தால் முழுசாக இருந்தது. மறுபடி ஆன் செய்தேன். விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது. மிஷினைப் போட்டதும் அதற்குள் இருக்கும் கம்ப்ரஸர் ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்பில் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. பத்து நிமிடம் விட்டுப் போட்டேன். ஓடியது. இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடி நின்றது. அதற்குப் பிறகு சிலிண்டரோடேயே மேலே ஏறினோம்.

வளைவெல்லாம் முடிந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை இருந்தது. கடையை நடத்திய அம்மாவிடம் போய், கரண்டு கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கவில்லை. "உள்ளார கட்டலு கெடக்குதுங்க. ஐயாவக் கூட்டியாங்க" என்றார். மிஷினை இறக்கி, அவர் வீட்டு ப்ளக்கில் மாட்டினோம். அது எப்போதும்போல நன்றாக ஓடியது. அப்படியென்றால் கோளாறு வேனில்.

அந்த விவசாயியின் ஊருக்கு அங்கிருந்து எட்டோ ஒன்பதோ கிலோமீட்டர். சாயங்காலம் போகிற மினி பஸ்ஸின் கண்டக்டருக்கு அவரைத் தெரிந்திருந்தது. "பழைய மாட்டு டாக்டரு வந்திருக்காருன்னு சொல்லுங்க. நாளைக்கு மத்தியானம் ஊட்டுக்கே வாரோம்னு சொல்லுங்க" என்று என் கணவர் கட்டிலில் இருந்தபடியே சொல்லி அனுப்பினார். கண்டக்டர் தலையாட்டிவிட்டு விசிலடித்தார்.

அன்று பொழுது சாயும்வரை இன்வெர்ட்டரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஃபியூஸை. பிறகு பேட்டரியை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனியாகச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. என் ஜாயின்ட்டுகளை மட்டும் நான் தொடவேயில்லை. அவை சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த நினைப்பே வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் மூளை கொஞ்சம் தெளிந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை வரிசையாகச் செய்தேன். மிஷினை வேனுக்குக் கொண்டுவந்து ஓடவிட்டு, அது ஓடுகிற அந்தச் சில நிமிடத்தில் அளந்தேன். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். அங்கிருந்து இரண்டு கை தூரத்தில் இருக்கிற இன்வெர்ட்டரின் வாயில் பத்தரைகூட இல்லை. நடுவே இரண்டு வோல்ட் எங்கோ தொலைகிறது. பாசிட்டிவ் கேபிளின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். ஒன்றுமில்லை. நெகட்டிவ் பக்கம் வைத்தேன். தொலைந்த இரண்டு வோல்ட்டும் அங்கே இருந்தது. கேபிள் முனையைத் தொட்டேன். விரல் சுட்டது.

கேபிள் முனையில் மாட்டுகிற செம்புக் காதுக்கு லக் என்று பெயர். கேபிளை அதற்குள் நுழைத்து, ஒரு பிரஸ்ஸால் அழுத்தி நெரிக்க வேண்டும். எல்லா லக்கையும் நான் பிரஸ் வைத்துத்தான் நெரித்திருந்தேன். அந்த ஒன்றைத் தவிர. பிரஸ் இரவல் வாங்கியது. அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ஒரு லக் மீதி இருப்பதைப் பார்த்தேன். ஒரு லக்குக்காக மறுபடியும் போய்க் கேட்பதா என்று, கல்லின் மேல் வைத்து, உளியும் சுத்தியலும் கொண்டு அடித்து நசுக்கினேன். இழுத்துப் பார்க்கக் கையை வைத்த நேரத்தில் உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். திரும்பி வந்து கருப்பு உறையைப் போட்டு மூடிவிட்டேன்.

இப்போது அந்த உறையைக் கத்தியால் கீறினேன். உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

வேனின் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நகம் நீலமான அந்த ஒரு நிமிடத்துக்கு நான்தான் காரணம் என்பது மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. மிஷின் பழசில்லை, மலை காரணமில்லை, விதியும் இல்லை. என் கை.

செம்மேட்டில் பேட்டரிக் கடை ஒன்று இருப்பதாக டீக்கடை அம்மா சொன்னார். மிஷினை மறுபடியும் அவர் வீட்டு ப்ளக்கில் மாட்டிவிட்டு, என் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, பஸ் ஏறினேன். கடைக்காரர் ஒரு பாய். அடிவாரத்து ஊரிலிருந்து தினமும் பைக்கில் மேலே வந்து கடை திறப்பவர். லக் இருந்தது, பிரஸ்ஸும் இருந்தது. ஆக்சிஜன் மிஷினுக்கு என்று நான் சொன்னதும் பாதி பிரித்துப் போட்டிருந்த ஒரு டிராக்டர் பேட்டரியை அப்படியே ஓரம் தள்ளினார். "வண்டில ஏறுங்கம்மா, நானே வாரேன்" என்று ஷட்டரை இறக்கினார்.

வேனில் குனிந்து அந்த லக்கை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நல்ல வேலைக்காரர்களுக்கு வரும் ஒரு கோபம் அவர் முகத்தில் வந்தது.

"யாருங்கம்மா இத அடிச்சது? மத்ததெல்லாம் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாமாட்ட இருக்குது. இத மட்டும் எவனோ ஆசாரி அடிச்சமாதிரி அடிச்சு வெச்சிருக்கான்?"

"ஒரு மெக்கானிக்குங்க" என்றேன்.

"இனி அவன வண்டிகிட்ட விடாதீங்க."

"விடமாட்டேனுங்க."

கேபிளைக் கறுத்த இடத்துக்கு மேலே வெட்டி, புது லக் போட்டு, பிரஸ்ஸை மூன்று இடத்தில் அழுத்தினார். பிறகு காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. தாங்குகிறதா என்று பார்க்க, அவர் கொண்டுவந்திருந்த ஒரு பெரிய ஹீட்டரை இன்வெர்ட்டரில் மாட்டி முக்கால் மணி நேரம் ஓடவிட்டோம். தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. "எழுவது வளைவையும் பத்துத் தடவ ஏறி எறங்குங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். என் கணவரை உள்ளே போய்ப் பார்த்து, "சீக்கிரம் நல்லாயிருவீங்கய்யா, துஆ செய்யறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அந்த ஊருக்குப் போக அரை மணி நேரம் போதும்.

என் கணவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். குளித்தார் என்றால், டீக்கடை அம்மா வெந்நீர் வைத்துக் கொடுக்க, இவரே துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டார். தலையைப் படிய வாரியிருந்தார். "சரியாயிருச்சுங்களா டீச்சர்? போலாமா?" என்றார். சந்தோஷமாக இருந்தால்தான் என்னை டீச்சர் என்பார்.

அவருடைய விரல்களைப் பார்த்தேன். இப்போது நிறம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அந்த நீலம்தான் தெரிந்தது. எட்டுக் கிலோமீட்டர் காட்டு ரோடு. இன்னொரு ஜாயின்ட்டை நான் இப்படி விட்டிருந்தால்? ஒவ்வொன்றாக நினைவில் கொண்டுவந்து பார்த்தேன். எல்லாம் இழுத்துப் பார்த்தவைதான். ஆனாலும் என் கையை எனக்கே நம்ப முடியவில்லை.

"இல்லீங்க" என்றேன். "சும்மா ஒப்பேத்தி வெச்சிருக்குது. எப்ப வேணா மறுபடி உட்ரும்னு பாய் சொல்றாரு. இதுக்கு மேல உள்ளார போகக் கூடாது. காலைல எறங்கீரலாம்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். பாய் என்ன சொன்னார் என்பது அவர் காதில் விழுந்திருக்க வழியில்லை.

"அண்ணன் காத்துட்டு இருப்பாரே."

"சேதி சொல்லிவுட்ரலாங்க. இன்னொருக்கா வரலாம். நல்லா ரெடி பண்ணிட்டு வரலாம்."

"இன்னொருக்கா" என்றார். அது கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை. சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

சாயங்கால பஸ்ஸில் சேதி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வேனில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது பஸ் போய்விட்டது. ரோடு வரைக்கும் ஓடினேன். கை காட்டினேன். நிற்கவில்லை. வேறு யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். பைக்கில் போகிறவர்கள் இருந்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பனி மூட்டத்தோடு இறங்கினோம். மிஷின் இன்வெர்ட்டரில்தான் ஓடிக்கொண்டு வந்தது. எழுபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும், குலுங்கும். அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. கத்தவில்லை. நின்றுவிடு என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரே ஒரு முறை நின்றிருந்தால் நான் சொன்னது உண்மையாகியிருக்கும். அவர் அன்று வளைவுகளின் எண்ணைப் படிக்கவில்லை.

காரவள்ளி வந்ததும் பின்னாலிருந்து சொன்னார். "ஒருக்காக்கூட கத்தலயே அம்மணி."

நான் கியரை மாற்றினேன். 

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் டீக்கடை அம்மாவின் போன் வந்தது. வெளியே எடுத்துக்கொண்டு போனேன்.

"காலைல மொத பஸ்ஸுக்கே அந்தப் பெரியவரு வந்துட்டாருங்க. நேத்தெல்லாம் கோழி அடிச்சு, சாமைச் சோறாக்கி, பொழுதுக்கும் பாத்துட்டே இருந்தாராமா. வண்டி நின்ன எடத்துல டயர்த் தடந்தான் இருந்துதுங்க. அங்கயே சித்த நேரம் நின்னாரு. டீ குடிங்கன்னேன், வேண்டாம்னுட்டாரு."

"ஏதாவது சொன்னாருங்களா?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. நடந்தே போயிட்டாரு."

உள்ளே வந்தேன். "யாரு போன்ல?" என்றார் அவர். "கடைக்கார அம்மாதாங்க. நல்லபடியா எறங்கிட்டீங்களான்னு கேட்டாங்க" என்றேன். உண்மையைச் சொன்னால் அதற்கு முன்னால் சொன்னதையும் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு தடவை கேட்டார். அந்த அம்மாவுக்குப் போன் போட்டு அண்ணனைக் கூப்பிடச் சொல்லு என்றார். கூப்பிட்டேன். அந்த அம்மா கண்டக்டர் மூலமாகச் சொல்லி அனுப்பி, சந்தை நாளில் நேரிலும் அவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். "பேச மாட்டேங்கறாருங்க" என்றார். நான் என் கணவரிடம், மலையில் லைன் கிடைக்கவில்லை என்றேன்.

"எத்தன வருசம் ஆச்சு" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். "மறந்திருப்பாரு. நாமளும் போகலயே."

மார்கழியில் சளி பிடித்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிதான். பார்க்க வந்த என் தம்பி, வேனில் என்னவோ கோளாறாகி பாதியிலேயே திரும்பிவிட்டீர்களாமே, டீச்சர் போட்ட ஒயரிங்கே இப்படியா என்று சிரிப்புக்காகக் கேட்டான். என் கணவர் முகமூடியை ஒதுக்கினார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு எடுத்துக்கொண்டுதான் அவரால் பேச முடிந்தது. "அவ வேலைல கொறையே இல்லப்பா. நல்லாத்தான் ஓடிச்சு. எனக்குத்தான் முடியல, எறங்கிட்டோம்" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. இறங்கிய அன்றைக்கே தெரிந்திருந்தது.

அன்று எல்லோரும் போனபின் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் களைத்துத் தூங்கிவிட்டார். அடுத்த நாள் தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் காதில் எவ்வளவோ பேசினேன், பிள்ளைகள் பெயரை, வீட்டு வேப்பமரம் துளிர்த்ததை. இதை மட்டும் பேசவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல முடியாதவரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபமான வேலை என்று தோன்றியது. தை முடிவதற்குள் போய்விட்டார்.

பங்குனியில் நான் தனியாக மலைக்குப் போனேன். அதே வேனில். மிஷின் இல்லாததால் பின்பக்கம் லேசாக இருந்தது, வளைவுகளில் கொஞ்சம் ஆடியது. டீக்கடை அம்மாவிடம் வழி கேட்டுக்கொண்டு நேராக அந்த ஊருக்குப் போனேன். வழியெல்லாம் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்கள். நான் நினைத்திருந்ததுபோல அது காட்டு ரோடு இல்லை. நல்ல தார் ரோடு. இருபது நிமிடத்தில் போய்விட்டேன்.

பெரியவர் வீட்டு வாசலில் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டிருந்தது. முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, கோழி வராமல் குச்சியால் விரட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். வேனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்போல, பார்த்ததும் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"நான் டாக்டரு சம்சாரமுங்க" என்றேன்.

"டாக்டரு வரலீங்களா?"

"அவரு தையில தவறிட்டாருங்க."

குச்சியைக் கீழே வைத்தார். கோழிகள் மிளகுக்குள் வந்து கிளறின. அவர் விரட்டவில்லை. வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி வந்து, என்னைப் பார்த்து, அவரைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் குடித்து முடித்ததும் பெரியவர் சொன்னார். "எனக்குக் கோவமுங்க. வாரேன்னு சொல்லிவுட்டுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரேன்னு. பெரிய உத்தியோகம் பாத்தவரு, நம்மூட்டுல உக்காரக் கூச்சப்பட்டுட்டாராட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். போன் வந்தப்பவும் அந்தக் கோவத்துலதான் போகல."

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். லக்கை நான் அடித்ததிலிருந்து. வளைவில் மிஷின் நின்றதை, நகம் நீலமானதை, பாய் வந்து சரி செய்ததை, சரியாகிவிட்ட பிறகும் ஆகவில்லை என்று நான் சொன்னதை, வெள்ளைச் சட்டை போட்டு அவர் உட்கார்ந்திருந்ததை, பஸ்ஸை விட்டதை, போனில் அந்த அம்மா சொன்னதை மறைத்ததை. ஒருவரிடமும் அதுவரை சொல்லியதில்லை. சொல்லும்போது எனக்கே அது ஒன்றன்மேல் ஒன்றாக நீளமாக இருந்தது.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "அவருகிட்ட இதச் சொன்னீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

தலையைக் குனிந்துகொண்டார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். போய், கொஞ்ச நேரத்தில், சோறு போட்டு வைத்திருக்கிறேன் வாங்க என்று கூப்பிட்டார். சாப்பிட்டேன். சாமைச் சோறும் அவரைப் பருப்புக் குழம்பும்.  அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இலையில் மீதம் வைக்க மனது வரவில்லை.

கிளம்பும்போது அவர் கோலை ஊன்றிக்கொண்டு வேன் வரைக்கும் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எங்க உக்காந்திருந்தாருங்க?"

கட்டிலைக் காட்டினேன். படி உயரமாக இருந்தது. கை கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி, கட்டிலில் உட்கார்ந்தார். கையால் மெத்தையைத் தடவினார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு, என்னிடம் இல்லை, வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி, "ஓடையில எறங்கறப்ப நீங்க தண்ணி கேட்டீங்க டாக்டரே, குடுக்காம தூக்கிட்டு வந்துட்டோம். காய்ச்சலுக்குக் கூடாதுன்னுட்டாங்க" என்றார். தோள் குலுங்கியது. நான் கீழே இறங்கி, கதவைப் பாதி சாத்திவிட்டு, வேனின் நிழலில் நின்றேன்.

எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று நான் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது முகத்தைத் துண்டால் துடைத்திருந்தார். அவர் மனைவி ஒரு பையில் மிளகு போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் வைத்தார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழ புடிக்கறதுக்குள்ள எறங்கீருங்கம்மா" என்றார் பெரியவர்.

வண்டியை எடுத்தேன்.